அக்காவின் கல்யாண ஆல்பமும் என் தலையும்

பிப்ரவரி 9, திங்கள்

இன்றும் ஒருவன் கேட்டுவிட்டான்.

ஸ்டூடியோவில் கவுன்ட்டருக்குப் பின்னால் பாஸ்போர்ட் அளவுப் படங்களை மாதிரிக்கு மாட்டி வைத்திருக்கிறார் முதலாளி. அதில் என் படமும் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்தது. தலை கொள்ளாத முடி, நெற்றியில் ஒரு சுருள் வேறு. வந்த ஆள் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் படத்தைப் பார்த்தான். "உங்க தம்பிங்களா?"

"ஆமா, வெளியூர்ல இருக்கான்" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன்? அந்தப் படத்தைக் கழற்றி எறிய வேண்டியதுதானே? முதலாளியிடம் கேட்டால், "நல்லா வந்த படம்டா, இருக்கட்டும்" என்பார். அவருக்கென்ன.

எனக்கு வயது இருபத்தாறு. நாள் முழுக்க அடுத்தவன் முகத்தைக் கம்ப்யூட்டரில் திருத்துவது என் வேலை. பருவை எடு, கண்ணுக்குக் கீழே கருப்பை எடு, கண்ணாடியில் விழுந்த பளபளப்பை எடு, முடி கொட்டியவனுக்கு முடி வை. "கொஞ்சம் நிரப்பி விட்டுடுங்க" என்று கேட்பவன் ஒவ்வொருவனும் என் தலையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்கிறான்.

பிப்ரவரி 12

குளித்துவிட்டு வந்தேன். பின்னாலேயே அம்மா குளியலறையிலிருந்து ஒரு கொத்து முடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள். "டேய், தண்ணி போக மாட்டேங்குது பாரு. குளிச்சா எடுத்துப் போட மாட்டியா?"

எடுத்துப் போட வேண்டுமாம். கதவை அறைந்து சாத்திவிட்டு, சாப்பிடாமல் வேலைக்குப் போனேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. அவர் தலையில் முகம் பார்க்கலாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"வாடா மாப்ளே! எங்க கட்சியில சேந்துட்டே போல. உறுப்பினர் அட்டை அடிச்சுத் தரட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்பாவுக்கு அறுபது ஆகப்போகிறது, நரைத்தாலும் ஒரு முடி உதிரவில்லை. எனக்கு மட்டும் அம்மா வீட்டுத் தலை. அப்பாவின் மூக்கு வந்திருக்கிறது, அப்பாவின் கோபம் வந்திருக்கிறது, முடிதான் வரவில்லை. நானும் சிரித்துத் தொலைத்தேன். சிரிக்காவிட்டால் "விளையாட்டுக்குச் சொன்னா இவ்வளவு கோவமா" என்பார்கள். என் தலையை வைத்து விளையாட இவர்கள் யார்?

அக்காவுக்கு ஏப்ரலில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். படம் எங்கள் ஸ்டூடியோ. ஆல்பம் நான். சந்தோஷம்தான். ஆனால் ஊரே வரும். எல்லோரும் என்னைப் பார்க்க இது ஒரு நல்ல நாள்.

பிப்ரவரி 26

தோல் டாக்டரிடம் போனேன். தலையை அப்படித் திருப்பி இப்படித் திருப்பி, "இது பரம்பரையா வர்றது. டென்ஷன் ஆகாதீங்க" என்றார். சொல்லும்போது அவருடைய நெற்றியில் முடி கொத்தாக வந்து விழுகிறது. அதைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டே சொல்கிறார். டென்ஷன் ஆகாமல் என்ன செய்வது?

மார்ச் 5

முடி வளருமாம் என்று தலைக்கு வெங்காயச் சாறு. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை.

மார்ச் 14, சனி

அக்காவோடு சண்டை. இப்போதெல்லாம் நான் போட்டுக்கொண்டு திரியும் தொப்பியைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே எறிந்துவிட்டாள்.

"கல்யாணத்தன்னைக்கு இது வேணாம். எல்லாப் படத்துலயும் நீ இருக்கணும், ஒழுங்கா இருக்கணும். உன்கிட்ட இது ஒண்ணுதான்டா கேக்கறேன்."

"உனக்கென்ன, எடுத்துக் கட்டினா குதிரைவால். உனக்கு எப்படிப் புரியும்?"

"தலையில இருக்கறதப் பத்தியே பேசு. தலைக்குள்ள ஒண்ணும் இல்ல."

அவளோடு என்ன பேசுவது. என்னைவிட ஐந்து வயது மூத்தவள், எனக்கு ஒன்று என்றால் பள்ளிக்கூடத்தில் முதலில் கை ஓங்கியவள் அவள்தான். அதற்காக எல்லாம் தெரியும் என்று அர்த்தமா? தொப்பி போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டேன். வேறு வழி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 11

வழி வந்து சேர்ந்தது. ஒரு டப்பா கருப்புப் பொடி. தலையில் தூவினால் முடியோடு முடியாக ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடியில் பார்த்தேன். வெகு நாள் கழித்து, கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நேற்று கல்யாணம் முடிந்தது. எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மண்டபத்தில் கூட்டம் ஏற ஏற வெக்கை. வீடியோ விளக்கு வேறு நேராகத் தலையில். எனக்குப் புழுங்க ஆரம்பித்தது, பொடி இறங்க ஆரம்பித்தது. காதோரம் கருப்பாக ஒரு கோடு. எங்கள் கேமராக்காரர் - நாங்கள் நெட்டையன் என்று கூப்பிடுவோம் - ஆறடிக்கு மேல் உயரம். அந்த மனுஷன் யாரை எடுத்தாலும் மேலிருந்துதான் எடுப்பார். என்னை எடுத்தால் உச்சந்தலைதான் விழும். நகர்ந்து நகர்ந்து நின்றேன். திரும்பினால் பின்னாலிருந்து மாமா போனை நீட்டிக்கொண்டிருக்கிறார். "மாப்ளே, இங்க பாரு..."

பொறுக்க முடியவில்லை. "பின்னாடி இருந்து என்னத்த எடுக்கறீங்க? போனை உள்ள வைங்க மாமா! எல்லாரும் வைங்க!" என்று கத்திவிட்டேன். மாமாவின் முகம் சுண்டிப்போனது. ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். போடட்டும்.

பிறகு அக்கா புறப்படும் நேரம். கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். ஏறப்போனவள் திரும்பி, என் தலையில் கை வைத்தாள். முழு உள்ளங்கையும். பொடி இருக்கிறதே, பொடி இருக்கிறதே என்றுதான் எனக்கு ஓடியது. "தொடாத!" என்று கையைத் தட்டிவிட்டேன். எல்லோர் முன்னாலும்.

அவள் தன் கையைப் பார்த்தாள். மை பூசியது போல இருந்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே காரில் ஏறினாள். 

அவளுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே ஏன் தலையில் கை வைக்க வேண்டும்?

ஏப்ரல் 22

அக்கா போன் செய்தாள். எடுக்கவில்லை.

மே 2, சனி

ஆல்பம் வேலை ஆரம்பித்தாயிற்று. நான் இருக்கிற படங்களிலெல்லாம் எனக்கு முடி வைத்தேன். ஊருக்கே வைக்கிறேன், எனக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா? மாதிரிப் படத்திலிருந்து என் முடியையே எடுத்தேன். திருட்டு இல்லை, என் சொத்து.

மே 7

கார்ப் படம். நெட்டையன் கதவுக்கு மேலிருந்து எடுத்திருக்கிறார். உச்சந்தலை முழுசாக, பொடி திட்டுத் திட்டாக, நடுவில் அக்காவின் கை. பார்த்ததுமே உடம்பெல்லாம் எரிந்தது. விரலுக்கு நடுவில் முடி வைப்பது உயிரை வாங்கும் வேலை. மத்தியானம்வரை முட்டி மோதிப் பார்த்தேன். பிறகு கையையே எடுத்துவிட்டேன். முழங்கையிலிருந்து விரல்வரை அழித்து, அந்த இடத்தில் கார்க் கதவை நீட்டி மறைத்தேன். எவன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. அசலைத் தொடக் கூடாது, நகல் எடுத்து நகலில்தான் வேலை செய்ய வேண்டும். மற்ற படங்களுக்கெல்லாம் அப்படித்தான் செய்தேன். இந்த ஒன்றுக்கு மட்டும் அசலின் மேலேயே போட்டுச் சேமித்தேன். பத்திரத்துக்கு இன்னொரு டிஸ்கில் வைத்திருப்பதையும் மாற்றிவிட்டேன். நெட்டையனின் கேமராக் கார்டை எப்போதோ அழித்தாயிற்று. அந்தத் தலை உலகத்தில் எங்கேயும் இருக்கக் கூடாது.

மே 20

ஆல்பம் கொடுத்தனுப்பினேன். முதலாளி புரட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே நன்றாகக் கொடுத்திருப்பேன்.

மே 24, ஞாயிறு

அக்கா வந்தாள். ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு. அம்மா காப்பி போடுகிறேன் என்றதைக் காதில் வாங்கவில்லை. நேராக என் அறைக்கு வந்து கட்டிலில் பிரித்து வைத்தாள்.

"இதுல நீ எங்கடா?"

"எல்லாத்துலயும் இருக்கேனே."

"இவன் யாருன்னு எங்க வீட்டுல கேக்கறாங்க. உன் தம்பி இப்படி இருக்க மாட்டானேன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?" பக்கத்தைத் திருப்பினாள். கார்ப் படம். "சரி, முடி வச்சுக்கிட்டே. தொலையட்டும். என் கை எங்க?"

பக்கத்தை மூடப் போனேன், அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உன் தலையில வச்ச கை. அத எங்கடா போட்டே?"

"விரலுக்கு நடுவுல முடி வைக்கறது எவ்வளவு கஷ்டம்னு தெரியுமா உனக்கு?" என்றேன். சத்தியமாக இதைத்தான் சொன்னேன். வாயிலிருந்து வந்தது இது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அந்த வீட்டுக்குப் போறதுக்கு அன்னைக்கு எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா?" என்றாள். "உன் தலையத் தொட்டுட்டுப் போகணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். அதையும் தட்டிவிட்டே. இப்ப படத்துலயும் இல்லாமப் பண்ணிட்டே."

ஆல்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாள். காப்பி ஆறிப்போனது. அம்மா என்னைப் பார்க்காமலேயே அதை எடுத்துக் கொட்டினாள்.

சரி, நான்தான் கெட்டவன். எல்லோரும் தலையைப் பற்றிப் பேசலாம், சிரிக்கலாம், தொடலாம். நான் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அப்படித்தானே?

மே 25

அசலைத் தேடினேன். இல்லை என்று தெரிந்தேதான் தேடினேன். அவள் கை மற்ற படங்களில் இருக்கிறதா என்று பார்த்தேன். பூவைப் பிடித்த கை, கண்ணைத் துடைக்கும் கை, அப்பாவின் தோளில் கை. எதையும் வெட்டி வைக்க முடியாது.

மாமாவுக்கு வெட்கத்தைவிட்டுப் போன் செய்தேன். அவரிடமாவது அந்தப் படம் இருக்குமா என்று. "நீதான மாப்ளே உள்ள வைக்கச் சொன்னே" என்றார். கேலி செய்யவில்லை. செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 28

நெட்டையனிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு நான் எடுத்ததுலயே அது ஒண்ணுதான்யா படம். அதுக்காக ஓடி வந்தேன். நீ உன் மூஞ்சியப் பார்க்கலையா அதுல?"

பார்க்கவில்லை. தலையை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை செய்தேன். கீழே முகம் இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை.

அவர் போன பிறகு திறந்து பார்த்தேன். நான் தட்டிவிடுவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். தலை கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கிறது. கோபமே இல்லை முகத்தில். அவள் தொட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த ஒரு நொடி பிடித்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் பொடி ஞாபகம் வந்திருக்கிறது.

இப்போது படத்தில், ஒன்றுமே இல்லாத காற்றுக்குக் கீழே ஒரு முடிக்காரன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து நிற்கிறான். முட்டாள். முட்டாள் பயல். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மேசையைக் குத்தினேன், கைதான் வீங்கியது.

ஜூன் 3

அக்காவுக்குப் போன். எடுத்தாள். ஸ்டூடியோவுக்கு வா, திரும்ப ஒருமுறை தலையில் கை வை, எடுத்துச் சேர்த்துவிடுகிறேன் என்றேன்.

"போட்டோவுக்காக எல்லாம் வைக்க மாட்டேன்."

"அப்ப நான் வரஞ்சாவது..."

"நீ வரஞ்சா அது என் கை இல்ல. கையை விட்டுடு. எல்லாப் படத்துலயும் அந்த முடிய எடு. என் தம்பிய வை. முடிஞ்சா பாரு." வைத்துவிட்டாள்.

ஜூன் 9

மற்ற படங்கள் சுலபம், அசல் இருக்கிறது. கார்ப் படத்துக்குத்தான் வழியில்லை. என் தலையைத்தான் அழித்துவிட்டேனே. மேலிருந்து பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று என்னிடம் ஒரு படம்கூட இல்லை. எடுக்க விட்டதில்லை.

ஜூன் 13, சனி

கடையில் கூட்டம். கூட்டம் குறையும்வரை காத்திருக்க நேரமில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, விளக்குக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மேலேருந்து எடுங்க" என்றேன் நெட்டையனிடம்.

பெஞ்சில் காத்திருந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். எழுந்துபோய் அறைய வேண்டும்போலத்தான் இருந்தது. உட்கார்ந்திருந்தேன். ஏப்ரலைவிட இப்போது இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது. படத்தில் சேர்க்கும்போது வழுக்கையை ஏப்ரல் அளவுக்குக் குறைக்கலாம், என்னால் முடியும். குறைக்கவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

புதுப் பக்கங்களை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வெயிலில், தொப்பி இல்லாமல், உச்சி பொசுங்கிவிட்டது. அக்கா வாசலிலேயே கையை நீட்டினாள். பக்கங்களை வாங்கி ஜன்னல் பக்கமாக நின்று பார்த்தாள். கார்ப் படத்தில் நிறைய நேரம் நின்றாள். "கை போனது போனதுதான்" என்றேன்.

"குனி" என்றாள்.

குனிந்தேன். நறுக்கென்று ஒரு குட்டு. சரியாக முடி இல்லாத இடமாகப் பார்த்து. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு வலி.

இன்னொன்று வைப்பாள் என்று அப்படியே குனிந்து நின்றேன்.