டி டிரைவில் ஜெயக்கொடியின் கல்யாணம்

செப்டம்பர் 22, திங்கள்

கம்ப்யூட்டரில் சி டிரைவ் நிரம்பி மறுபடியும் சிவப்பு. இரண்டு நிமிடம் எடிட் செய்தால் ஐந்து நிமிடம் உறைந்து நிற்கிறது. புது ஹார்டு டிஸ்க் கேட்டு ஆறு மாசமாச்சு. "டி-ல அவ்ளோ இடம் இருக்குதே, அதுலேர்ந்து எடுத்து இதுல போடேன்" என்கிறார் பார்த்திபன் அண்ணன். அண்டாவிலிருந்து சொம்பில் மொள்வதாக நினைப்பு. ஸ்டுடியோ அவருடையது, கண்ணெரிச்சல் என்னுடையது.

நாளை சிங்கவரத்தில் காதுகுத்து. காலியாக ஒரு மெமரி கார்டும் இல்லை. ஒன்றை அழித்து அண்ணன் கையில் கொடுத்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

அனந்தபுரத்து ஜெயக்கொடி வந்திருந்தாள். ஆவணியில் அவள் கல்யாணத்தை எடுத்தது நாங்கள்தான். பதினோராம் நாள் அவள் அப்பா பச்சைமுத்து, மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. "எங்க நைனா தாரை வார்த்துக் குடுத்தத மட்டும் மொதல்ல தர்றியாக்கா?" ஆயுத பூஜை முடிந்ததும் தருகிறேன் என்றேன்.

அக்டோபர் 1, புதன்

ஜெயக்கொடி வீடியோ பாதியிலேயே நின்று நின்று போனது. வேறு வழியில்லாமல் காலையில் ஆரம்பித்தேன். டி-யைச் சுருக்கி, அதிலிருப்பதைப் பின்னால் நகர்த்தி, முன்னால் காலியாகும் இடத்தை சி-யோடு சேர்க்க வேண்டும். ஆறு மணி நேரம் காட்டியது. நடுவில் நின்றால் டி போச்சு, அதிலிருக்கும் ஜெயக்கொடி கல்யாணமும் போச்சு. 'தொடாதீங்க' என்று எழுதித் திரையில் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் மானிட்டரில் சந்தனம், குங்குமம். என் காகிதம் குப்பையில். பிளக்கைப் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைத்திருக்கிறார் அண்ணன், மகராசன்!

"இன்னா கவிதா, ஓடுற மிஷினுக்கா பூஜை போடுவாங்க? இன்னிக்கு எல்லாம் ஓஞ்சி இருக்கணும்."

பொட்டு காயும் முன்பே ஆன் செய்தேன். டி-யைத் தொட்டால் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கிறது. கேக்குது பாரு கேள்வி, மொத்தமா அழிக்கவான்னு!

அக்டோபர் 2, வியாழன்

கார்டிலாவது இருக்கும் என்று தேடினேன். ஜெயக்கொடி கல்யாணக் கார்டில் ஏதோ ஒரு குழந்தை காது குத்திக்கொண்டு அழுகிறது. ஆல்பம் கொடுக்கும்வரை கார்டை அழிக்கக் கூடாது என்று சட்டம் போட்டதே அண்ணன்தான். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர்கள் முன்னாலேயே கத்தினேன். "கார்டையும் அழிச்ச, டிஸ்க்கையும் அழிச்ச. செத்த மனுஷன இன்னொரு வாட்டி சாவடிச்சிட்ட!"

அண்ணன் அவர் பாட்டுக்குப் பாஸ்போர்ட் போட்டோவை வெட்டிக்கொண்டிருந்தார். பேசினால்தானே சண்டை போட முடியும்? அதற்கும் வக்கில்லை.

அக்டோபர் 4, சனி

அண்ணன் விழுப்புரம் போய்ப் புது டிஸ்க் வாங்கிவந்து மேஜையில் வைத்தார். இப்போது எதற்கு? டி-யிலிருந்து மீட்க முடிந்ததை அதில் இறக்குகிறேன். பக்கத்தில் யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

தாலி கட்டியது வந்தது. பந்தி வந்தது. தாரை வார்த்தது நாற்பது விநாடிதான். பச்சைமுத்து சொம்பைச் சாய்க்கிறார், தண்ணீர் விழும் முன்பே படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

ஜெயக்கொடி கடைக்கு வந்து மூன்று முறை போட்டுப் பார்த்தாள். "மீதி எங்கக்கா? யாரு கெடுத்தது?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றார். "நான்தாம்மா. மன்னிச்சிடு."

நல்லா வேணும் என்றிருந்தது எனக்கு.

அக்டோபர் 8, புதன்

அவளுக்கு எந்தத் தேதியில் வாக்குக் கொடுத்தேன் என்று பார்க்க இந்த நோட்டைப் புரட்டினேன். செப்டம்பர் 22 கண்ணில் பட்டது. கார்டை அழித்தேன் என்று நானே எழுதியிருக்கிறேன். எந்தக் கார்டு, யாருடையது என்று பார்க்கக்கூட இல்லையே நான். அவ்வளவு எரிச்சலில் இருந்தேனா?

அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"தெரியும். உன் கையாலதான வாங்கினேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"பிளக்கைப் புடுங்கினது நான்தான?"

அக்டோபர் 9, வியாழன்

பஸ் பிடித்து அனந்தபுரம் போனேன். கார்டை அழித்தது நான்தான் என்று ஜெயக்கொடியிடம் சொன்னேன். அவள் கதவைச் சாத்தவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.