ஒட்டுறவு

கோவை
6.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மூட்டு வலி எப்படி இருக்கிறதுங்க? போனில் கேட்டால் மாமாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால் கடிதம்.

உங்கள் காட்டில் சோதனைக்கு விதைத்த சோளத்தில், நான் கலப்புச் செய்து உருவாக்கிய பதினேழாம் நம்பர் குழப்புகிறது. அளப்பதற்காகச் சீட்டுக் கட்டிய செடிகளில் கதிர் நீளம், மணி எடை எல்லாம் முதலிடம். அதன் மூன்று பாத்திகளின் மொத்த விளைச்சலோ கடைசி. கதிர் பெருத்தால் விளைச்சலும் ஏற வேண்டும். நீங்கள் பிளஸ் டூவுக்கு நடத்திய ஒட்டுறவுக் கணக்குத்தான். மற்ற இரண்டு ஊர்களிலும் அப்படி ஏறித்தான் வந்திருக்கிறது.

அறுப்புக்கு முன்னால் ஏதாவது நடந்ததா? மாதக் கடைசியில் ரகத் தேர்வுக் குழு கூடுகிறது. விளைச்சல் குறைந்த ரகத்தைக் கழித்துவிடுவார்கள். பல வருட வேலை.

அன்புடன்,
வெள்ளியங்கிரி

எருமப்பட்டி
10.2.2025

அன்புத் தம்பிக்கு,

வலி அப்படியேதான். ஒட்டுறவு என்றதும் சிரித்துவிட்டேன். அந்தப் பாடம் எடுத்தால் பிள்ளைகள், "மாமன் மச்சானுங்களா டீச்சர்?" என்று கேட்பார்கள்.

கதிரில் குருவி விழுந்து தின்றிருக்கும். வேறொன்றும் நினைவில்லை. ராசிபுரம் நெய் வாங்கி வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்.

அக்கா
முத்தாயம்மாள்

கோவை
14.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சரிங்க. 'குருவிச் சேதம் அதிகம்' என்று ரகத்துக்கு எதிரே எழுதிவிட்டேன். இனி அதை யாரும் எடுக்க மாட்டார்கள். மனசுதான் கேட்கவில்லை.

வெள்ளியங்கிரி

எருமப்பட்டி
17.2.2025

தம்பி,

குருவி வரவில்லை. நான்தான்.

உன் ரகம் ஜெயித்தால் போதும் என்று மாரியம்மனுக்கு முதல் கதிர் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். களையெடுக்க வரும் ராமாயி, "சாமிக்கு நோஞ்சானையா வெப்பாங்க? பெருசாப் பாத்து ஒடிங்க டீச்சர்" என்றாள். உனக்கான வேண்டுதல் உன் பாத்தியிலிருந்துதானே போக வேண்டும்? உன்னுடையது என்று நீ காட்டிய மூன்று பாத்தியிலும், சீட்டில்லாத செடிகளில் பெரிய கதிராகத் தேடி ஒடித்தோம். கோயில் வாசலில் தோரணமே கட்டினார்கள்.

வகுப்பில் நன்றாகப் படிக்கிறவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மிச்சப் பேருக்குச் சராசரி போட்டால் என்ன வரும்? கரும்பலகையில் எத்தனை முறை போட்டிருப்பேன். ஒடிக்கும்போது தோன்றவில்லை. உன் கடிதத்தைப் பார்த்ததும் தோன்றியது. தோன்றிய பிறகும் குருவி என்று எழுதினேனே, அதுதான் தம்பி என்னை உட்கார விடவில்லை.

அந்த எடையைக் கூட்டிக்கொள்ள முடியாதா?

அக்கா

கோவை
28.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முடியாதுங்க. கண்ணை மூடிக்கொண்டு ஒடித்திருந்தால்கூட ஏதாவது ஈடுகட்டியிருப்பேன். பார்த்துப் பார்த்து ஒடித்ததற்குக் கணக்கில் வழி இல்லை.

உங்கள் காட்டுப் பதிவு முழுவதையும் நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓர் ஊர் குறைந்ததால் ரகத்தை ஏற்கவும் இல்லை, கழிக்கவும் இல்லை. இன்னொரு வருடம் விதைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டார்கள். "எது என்னுடைய பாத்தி என்று வீட்டில் சொல்லிவிட்டேன்" என்றேன். உண்மையும் அதுதான். சோதனைக் காட்டில் யாருக்கும் காட்டக் கூடாது. உங்களுக்குக் காட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஆடியில் வேறு ஒருவர் காட்டில் விதைக்கிறோம். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். நீங்களும் கேட்காதீங்க அக்கா.

வெள்ளியங்கிரி