காவல் இல்லாத மதில்

இன்று பீரோவில் புடவை தேடும்போது உன் கதைத்தாள்கள் கையில் சிக்கின. மூக்கருகே கொண்டுபோனேன். இன்னும் அதே கறுப்பு டேப் வாசனை. கார்களுக்கு ஒயர் கட்டும் ஒரகடம் கம்பெனியின் பழைய செக் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினால் மல்லிகையா மணக்கும்?

நீ எழுதிய நகரத்தில் எல்லாம் உண்டு. மூன்று வேளைச் சோறு, குளிர்ந்த காற்று, நேரத்துக்கு வண்டி, காய்ச்சலுக்கு மாத்திரை. சுற்றிலும் மதில், அதற்கு வெளியே முள்ளுக்காடு. வாசலில் காவல் கிடையாது. யாரும் வெளியே போகலாம்; மணியடித்து, தன் இடத்தில் நிற்க இன்னொருத்தி வந்த பிறகு.

"இது இன்னா கதைடி?" என்று கம்பெனி பஸ்ஸில் கேட்டேன்.

"வரப்போற காலத்துக் கதை."

"அடிப்பாவி, இது நம்ம லைனுடி! ரிலீவர் வராம ஒண்ணுக்குக்கூட போவ முடியாது. அவ்ளோ சோறு போடறாங்க, வெளிய முள்ளுக்காடு. இன்னாத்துக்குப் போவணும் உன் ஹீரோயினு?"

"போவணும்னு இல்லடி. போவலாம்னு தெரிஞ்சா உள்ளயே நிம்மதியா இருப்பா."

"காவல்தான் இல்லியே, போவ வேண்டியதுதான?"

"நல்லவங்கடி அந்த ஊரு சனங்க. இவ போனா பக்கத்துல நிக்கறவளுக்கு வேல கூடும்ல? அதான் நாகரிகம். அதுவே ஆள உள்ள நிறுத்திடும், மதிலே தேவயில்ல."

நான் பெரிதாகக் கொட்டாவி விட்டேன். இலக்கியத்துக்கு என்னால் முடிந்த மரியாதை.

உன் ரிலீவர் நான்தான். கையில் பச்சைப் பட்டை கட்டிக்கொண்டு, எவள் பட்டனை அழுத்தித் தன் தலைக்கு மேல் மஞ்சள் விளக்கை எரியவிடுகிறாளோ அவள் இடத்தில் போய் நிற்கும் பிழைப்பு. லைன் முழுக்க வம்பு பொறுக்க இதைவிடத் தோதான வேலை உண்டா? உன் விளக்கு எரிந்தால் எனக்கு ரகசியம் தெரியும்: கழிவறையில் உட்கார்ந்து இரண்டு வரி எழுதப் போகிறாய்.

அன்று மத்தியானமும் எரிந்தது. சூப்பர்வைசர் திடீரென்று தலைக்குச் சாயம் அடிக்கும் காரணத்தை நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "எழுத்தாளரம்மாவுக்கு வரி வந்துட்ச்சு, கொஞ்சம் அடக்கிக்கட்டும்" என்று கண்ணடித்துவிட்டு, அந்தச் சாயக் கதையை முடித்த பிறகுதான் வந்தேன். உன் ஒரு கை டேப்பில், மறு கை மார்பில். முகமெல்லாம் வேர்வை.

"இன்னாடி, இவ்ளோ நேரம்" என்றாய்.

"கேண்டீன் சாம்பாரு வேலய காட்டுதா?" என்றேன்.

உனக்கு நான் சொன்ன கடைசி ஜோக் அது. ஆம்புலன்ஸ் மண்ணூரைத் தாண்டும்போதே நீ இல்லை. கொஞ்சம் முன்னாலேயே கிளம்பியிருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உன்னை யாரும் கட்டிப்போடவில்லை. போட்டது போட்டபடி போயிருக்கலாம். பக்கத்தில் நிற்பவளுக்கு வேலை கூடுமென்று நின்றாய்.

கடைசித் தாளில் உன் நாயகி மணியடித்துவிட்டுத் தோழிக்காகக் காத்திருக்கிறாள். அதன் கீழே வெற்றிடம். நான் எழுதிப் பார்த்தேன். தோழியை மூச்சிரைக்க ஓடிவர வைத்தேன். கிழித்துப் போட்டேன். அந்தத் தோழியை எனக்குத் தெரியும்.

இப்போதும் பச்சைப் பட்டைதான் கட்டுகிறேன். மஞ்சள் எரிந்தால் முட்டிவலியோடு ஓடுகிறேன். புதுப்பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யக்கா, ஒண்ணுக்குத்தான்க்கா! இன்னாத்துக்கு இப்பிடி ஓடியாற?"

"நீ மொதல்ல போடி" என்று சொல்லிவிட்டு, அவள் இடத்தில் நிற்கிறேன்.