பாட்டு நின்ற வீடு

2025 பிப்ரவரி 2, ஞாயிறு, படூர்

காலையில் தம்பி ஆல்வினின் லோடு வண்டியில் நெம்மேலி போய் அந்த ஸ்பீக்கர்களைப் பார்த்தேன். இடுப்புயரப் பெட்டிகள். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். சத்தம் எழுப்பும் காகிதக் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் பொடிந்து விரலில் கறுப்பாக ஒட்டுகிறது. மாற்றிவிடலாம்; கல்லூரி லேபில் இதைவிட மோசமானதையெல்லாம் சரி செய்திருக்கிறேன். பாட்டு போடச் சொன்னேன். அந்த நிலையிலும் என்ன சத்தம்! ஆசை வந்துவிட்டது.

விற்பவள் பெயர் வேண்டா. நான் பேசும்போதெல்லாம் வலது காதைத் திருப்பினாள். இடது காது கேட்காதாம். புருஷன் பார்த்திபன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான், ஊரில் இல்லை.

"விக்கிறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. இத்த தூக்கினு போய்டுக்கா. நீ இன்னா குடுத்தாலும் சரி." பாட்டை நிறுத்தினாள். "குடிச்சிட்டு வந்தான்னா மொதல்ல இத்த ஃபுல்லா வெச்சிருவான். அப்பறந்தான் கைய வெப்பான். வெளிய பாட்டுதான் கேக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசித்து!

பிப்ரவரி 3

அந்தப் பெண்ணை நினைக்க உட்கார்ந்தால் அந்த ஸ்பீக்கரின் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது. சே.

பிப்ரவரி 5, புதன்

ஆல்வின் கையெடுத்துக் கும்பிடுகிறான். "வேணாங்க்கா. அவன் வந்து பொட்டி எங்கடின்னு அவளத்தான் போட்டு மிதிப்பான்."

உண்மைதான். வாங்கினால் அடிப்பான். வாங்காவிட்டாலும் அடிப்பான். அவளுக்கே போன் செய்தேன். போலீசில் சொல்லக் கூடாதா?

"சொன்னேன்க்கா. சாட்சி யாருன்னாங்க. யாரு கீறா? தெருவுல கேட்டா பாட்டுதான் கேட்டோம்ன்றாங்க."

"ஸ்பீக்கர் இல்லன்னா உன்ன அடிப்பானேம்மா?"

"அடிப்பான். ஆனா வெளிய கேக்கும்."

பிப்ரவரி 8, சனி

எடுத்து வந்துவிட்டேன். பார்த்திபன் திருப்பதி சவாரி போயிருந்தான். நீயும் வந்துவிடு என்று வேண்டாவின் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள். "இது எங்கம்மா எனக்குக் குடுத்த வூடு. நான் ஏன் போவணும்?"

பக்கத்து வீட்டு மீன்கார ஜெகதாம்பாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி ஏறுமுன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனி அந்த வீட்டில் பாட்டு கேட்காது, வேறு சத்தம்தான் கேட்கும் என்றேன். அவள் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. "அடிப்பாவி... பண்டிகைன்னாலும் பாட்டு, எழவுன்னாலும் பாட்டு. எங்கூட்டுப் புள்ளிங்க ஆடிக்கினு இருந்துதுங்க."

பிப்ரவரி 9

பெரிய கோன் உள்ள வூஃபரைக் கழற்றினேன். பெட்டிக்குள், முன்பக்கக் காற்றுத் துளை வழியாக விழுந்த கண்ணாடி வளையல் துண்டுகள். ஒரு கொத்துத் தலைமுடி, வேரோடு.

மூடி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று பார்த்திபன் வந்திருக்கிறான். ஸ்பீக்கர் நின்ற வெற்றுச் சுவரைப் பார்த்திருக்கிறான். அவள் மண்டையைப் பிடித்து அதே சுவரில் மோதியிருக்கிறான், மறுபடி மறுபடி. கையை முறுக்கி உடைத்தானாம். அவள் கத்தினாள். ஜெகதாம்பாள் மீன் வெட்டும் கத்தியோடு ஓடி வர, பின்னாலேயே தெரு. கதவைப் பெயர்த்து அவனை வெளியே இழுத்துப் போட்டு மிதித்திருக்கிறார்கள். ஒருவரின் கையைக் கடித்துவிட்டு ஓடிவிட்டான்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் வேண்டாவைப் பார்த்தேன். முகம் வீங்கி ஆளே தெரியவில்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "மொத்தத் தெருவும் வந்துச்சுக்கா" என்றாள். அதில் ஒரு பெருமை.

பெட்டியைத் தூக்கியது நான். கை உடைந்தது அவளுக்கு. நான் செய்தது சரியா? யாரைக் கேட்பது?

பிப்ரவரி 14, வெள்ளி

எழுத முடிகிறது. வலது கை நன்றாகத்தான் இருக்கிறது.

ஆல்வின் வண்டியின் பின்னால் போன் நம்பர் எழுதியிருக்கும். யாரோ அதைப் பார்த்திபனிடம் சொல்லியிருக்கிறார்கள். வாடகை பேசுகிற மாதிரி ஆல்வினிடம் பேசி எங்கள் வீட்டைத் தெரிந்துகொண்டு நேற்று சாயங்காலம் வந்துவிட்டான். ஒரே உதையில் தாழ்ப்பாள் தெறித்தது. கையில் இரும்புக் கம்பி. "எங்கடி என் பொட்டி?" முதல் அடி என் இடது தோளில். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. அடுத்து, நான் அன்றுதான் புது ஃபோம் ஒட்டிய கோனில் கம்பியைச் செருகிக் கிழித்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

என் கையில ஒயர் பத்தவைக்கிற சால்டரிங் அயர்ன் இருந்துச்சு. சூடா. அவன் கன்னத்துல வெச்சு அழுத்தினேன். தோல் பொசுங்குற நாத்தம் இன்னும் மூக்குல இருக்கு. அவன் கத்தினான் பாரு... எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. இங்கயும் பொய் எழுதணுமா? நல்லா இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பிடிக்கலன்னா இன்னொரு கன்னத்துலயும் வெச்சிருப்பேன்.

அவனைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது.

மார்ச் 16

சனியன் பிடித்த பெட்டிகளைக் கொளுத்தச் சொல்கிறான் ஆல்வின். கிழிந்த கோனைத் தூக்கிப் போட்டேன். புதிதாக ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

வேண்டா வந்தாள். வழக்கு நடக்கிறது, அவன் இன்னும் உள்ளேதான். சாட்சி சொல்லத் தெருவே தயாராம். ஜெகதாம்பாள் கொடுத்துவிட்ட வஞ்சிரத்தை அடுப்படியில் வைத்துவிட்டு, கதவருகே தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கர்களையே பார்த்தாள். உடைந்த கை கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறது.

"ரெடியாயிடுச்சா? போடு."

போட்டேன். முதல் இசை வந்ததும் சுவரோடு ஒண்டி இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். "நிறுத்து! நிறுத்துக்கா!"

நிறுத்தினேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்லருந்து போடு. மெதுவா வை."

அடுத்த வீட்டில் கரண்டி விழுந்தாலும் கேட்கும் அளவுக்கு மெதுவாக வைத்தேன். முழுப் பாட்டையும் கேட்டாள்.