ஜெனரலின் டாக்டர்

786

காப்பெல், செப்டம்பர் 4

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போரில் போன் துண்டிக்கப்பட்டதிலிருந்து உங்கள் குரல் கேட்கவில்லை. ஆறு மாத வேலை என்றுதானே போனீர்கள்? பாஸ்போர்ட்டை ஜெனரல் வாங்கி வைத்துக்கொண்டார் என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது நெஞ்சிலேயே நிற்கிறது. டிவியில் அவர் முகம் வந்தாலே அமல், “ஈஸ் வாப்பா ஓக்கே?” என்கிறாள். நான் சேனலை மாற்றிவிடுகிறேன். இரண்டு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் ருக்ஸானா

அக்டோபர் 2

அன்பு ருக்ஸானா,

தபாலையெல்லாம் பிரித்துப் படிக்கிறார்கள். அதனால் நாடு திரும்பும் நர்ஸ் ஒருத்தியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ரொட்டிக் கடைக்காரர் மகனாகப் பிறந்த இந்த ஜெனரல், போரைக் காட்டித் தேர்தலை நிறுத்தினார், பத்திரிகைகளை மூடினார், கேள்வி கேட்டவர்களைக் காணாமலாக்கினார். அவருக்குச் சிறுநீரகம் கெட்டது வெளியே தெரியக் கூடாது. டயாலிசிஸ் ஓடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை விட்டுப் போயிடாதீங்க, டாக்டர்” என்கிறார். எனக்கு முன்பிருந்தவர் லீவு கேட்டாராம். அவர் எங்கே என்று யாரும் வாய் திறப்பதில்லை. ஜெனரல் செத்தால் என்னையும் விடமாட்டார்கள்.

உன் கடிதத்தின் தலையிலிருந்த 786 என்ன ரகசிய எண் என்று பகல் முழுக்க விசாரித்தார்கள். பிஸ்மில்லாஹ்வுக்காக எங்கள் பக்கம் போடுவது என்றேன். “நாங்களும் முஸ்லிம்தான். கேள்விப்பட்டதே இல்லையே!” என்றான் அதிகாரி. மளிகைச் சீட்டில்கூட 786 போடுகிறவள் நீ. ஒருநாளும் போடாதவன் நான். மாட்டிக்கொண்டது நான்! இனி போடாதே, தாயே.

எப்படியாவது எல்லை தாண்டப் பார்க்கிறேன்.

ஜுஹைர்

786

அக்டோபர் 30

அன்பு மனைவி ருக்ஸானாவுக்கு,

நான் நலம். ஜெனரல் எனக்குத் தகப்பனைப் போன்றவர். என் சொந்த விருப்பத்தின் பேரில் இங்கேயே தங்கிவிட முடிவு செய்துள்ளேன். என்னைப் பற்றி எந்த அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டாம்.

ஜுஹைர்

காப்பெல், நவம்பர் 14

அன்பு மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்துதான். வழக்கம்போல 786 போட்டுத் தொடங்கியிருந்தீர்கள். அதைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உங்கள் விருப்பமே எங்கள் விருப்பம். யாரிடமும் விசாரிக்க மாட்டேன்.

அமல் நன்றாகப் படிக்கிறாள். இப்போது டிவியில் ஜெனரல் வந்தால் நான் சேனலை மாற்றுவதில்லை. முகம் வீங்கியிருக்கிறதா, குரல் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அவர் நூறு வயது வாழவேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன், மச்சான். மனதாரக் கேட்கிறேன்.

ருக்ஸானா