கடலை உருண்டை அனுப்பாதே

சந்தாபுரா, வியாழக்கிழமை

அன்புள்ள யசோதாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? அம்மாவுக்கு முட்டிவலி குறைஞ்சுதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன் உடைஞ்சுபோச்சு, பயப்படாதே. பண்ணையில பிஜ்லின்னு ஒரு குதிரை. கயித்தைப் பிடிச்சா இழுக்காம, முட்டாம கூடவே நடக்கப் பழக்குறேன். அது ஒழுங்கா நின்னப்பல்லாம் நீ அனுப்பின கடலை உருண்டையைப் பாக்கெட்டுலேர்ந்து எடுத்துக் கொடுத்தேன். புத்திகெட்ட வேலை! இப்ப யார் பாக்கெட்டைப் பார்த்தாலும் முட்டுது. நேத்து ஓனர் மகளையே தள்ளிடுச்சு. தடுக்கப்போய் நானும் விழுந்தேன், போனை மிதிச்சுடுச்சு. எனக்குத் தோள்ல லேசா வீக்கம், அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமைக்குள்ள அது திருந்தலேன்னா குதிரையோட நீயும் கிளம்புன்னுட்டார் ஓனர். பாக்கெட்டைப் பிச்சே போட்டுட்டேன், சட்டையில வாசனை போகலை. பிஜ்லிகிட்ட கெஞ்சிப் பார்த்துட்டேன், கேக்க மாட்டேங்குது. இந்த வேலையும் போனா எங்கே போவேன், யசோதா?

இதைக் கொண்டுவர்ற கோவிந்தன் சனிக்கிழமை திரும்புறான். பெட்டியில இருக்கிற என் பழைய சட்டை ஒண்ணு கொடுத்தனுப்பு. அவன் போன்லயே பேசியிருக்கலாம். உன் குரலைக் கேட்டா அழுதுடுவேன்.

உருண்டை மட்டும் வேண்டாம். இருந்தா பிஜ்லிக்குத்தான் கொடுப்பேன். இங்கே என்னைப் பார்த்ததும் ஆசையா ஓடிவர்றது அது ஒண்ணுதான்.

கோவிந்தன் கூப்பிடுறான்.

முனிரத்தினம்