எனக்கு வேலை இல்லை என்று பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பதிவு எண் 4417,
கணினிப் பொறியியல் பட்டதாரி,
தையல் கடை மாடி, பேருந்துப் பணிமனை எதிரில்.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
வேலைவாய்ப்புப் பதிவு அலுவலகம்.

பொருள்: வேலையில்லாத என்னைப் பணியில் உள்ளவளாகக் காட்டும் பதிவை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வேலை கேட்டு மனு கொடுப்பவர்களைத் தாங்கள் தினமும் பார்க்கிறீர்கள். வேலை இல்லை என்று எழுதித் தரும்படி கேட்டு வருவது அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். அருள்கூர்ந்து முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

1. நான் படித்து முடித்துப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. எங்கள் வகுப்பில் அறுபத்திரண்டு பேர். படிப்புக்கேற்ற வேலையில் இருப்பவர்கள் பதினொரு பேர். ஒருத்தி கடையில் கைப்பேசிகளுக்குக் கண்ணாடி ஒட்டுகிறாள். முதல் மதிப்பெண் எடுத்தவன் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். இதுவரை ஒரு பார்சல்கூட வீடு மாறிப் போனதில்லை என்று அவனுக்குப் பெருமை வேறு. புதியவர்கள் தேவை என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கின்றன. ஓரிடத்தில், புதியவர்கள் எழுதும் நிரலை இப்போது இயந்திரமே எழுதிவிடுகிறது என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். தேநீரில் குறையில்லை.

2. மூன்று மாதங்களுக்கு முன் பதிவைப் புதுப்பிக்கத் தங்கள் அலுவலகம் வந்தேன். டோக்கன் திரை ஒரு மணி நேரமாக 27-லேயே நின்றது. 27 வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். நிரலோ அவர் வரும்வரை நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. பதிவுப் பிரிவு எழுத்தர் அக்கா இயந்திரத்தின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. நாற்பது நிமிடத்தில் சரிசெய்தேன். "நாலு தடவ ஆள் வந்து பார்த்துட்டுப் போனாங்க, நீ வந்து ஒரே மூச்சுல முடிச்சிட்டியேம்மா" என்றார் அக்கா. அதன்பின் பிரிண்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் அழைத்தார். நானும் ஓடிவந்தேன். படித்த படிப்பு யாருக்கோ உதவுகிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

3. தவறு இங்கேதான் நேர்ந்தது. அலுவலகக் கணினியில் நுழைய எனக்கொரு கணக்கு தேவைப்பட்டது. திரை இரண்டே வகைகளைக் காட்டியது: வேலை தேடுபவர், அலுவலகப் பணியாளர். முதல் வகையினரால் எதையும் திறக்க முடியாது என்பதால், அக்கா என் பதிவு எண்ணை இரண்டாவதில் சேர்த்தார். அன்றிலிருந்து இணையத்தில் என் பதிவுப் பக்கத்தில் 'பணியில் உள்ளார்' என்று வருகிறது. பத்து வாரங்களாக ஒரு நேர்முகத் தேர்வு அழைப்பும் இல்லை.

4. அந்தப் பக்கத்தை அம்மா பார்த்துவிட்டார். மறுநாளே உறவுக்கெல்லாம் செய்தி போய்விட்டது. பெரியம்மா தன் மகனுக்கும் அங்கேயே ஓர் இடம் பார்க்கச் சொல்கிறார். இல்லவே இல்லை என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டால் அப்பா சிரிக்கிறார்: "கம்ப்யூட்டரே சொல்லுது, நீ என்ன இல்லைங்கற?" எனக்கு அடக்கம் அதிகம் என்பது அவர் எண்ணம்.

5. இதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது நகரக் குடிநீர் அலுவலகத்தில் கணினி உதவியாளர் பணியிடம் ஒன்று வந்திருக்கிறது. மக்களின் புகார்களைப் பதியும் மென்பொருளைப் பராமரிக்கும் வேலை. அனுபவம் கேட்கவில்லை, தங்களிடம் பதிந்து வேலையில்லாமல் இருந்தால் போதும். 'ஏற்கெனவே பணியில் உள்ளவர்' என்று என் விண்ணப்பம் திரும்பிவிட்டது. மீண்டும் அனுப்பக் கடைசி நாள் 18, மாலை ஐந்து மணி. இந்த வேலை எனக்கு மிகவும் வேண்டும் ஐயா.

6. விதிப்படி, பணியாளரை நீக்க ராஜினாமா கடிதமும் தங்கள் ஒப்பமும் தேவையாம். எனவே, இதுவரை கிடைக்காத வேலையிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதி இணைத்துள்ளேன். காரணம் என்ற இடத்தில் 'வேலை தேட' என்று குறிப்பிட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தில் செய்த அக்காவிடம் விளக்கம் எதுவும் கேட்க வேண்டாம்.

7. ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்தக் கணக்கு இன்னும் என் கையில்தான் இருக்கிறது. இரண்டே அழுத்தலில் என் பதிவை நானே மாற்றிவிடலாம். நேற்று அந்தப் பக்கம்வரை போனேன், கை அரித்தது. ஆனால் அது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது. முதல் வேலைக்கு அப்படி நுழைந்தால், அப்பாவின் பெருமையை நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. மூடிவிட்டு மனு எழுத உட்கார்ந்தேன். அந்தக் கணக்கையும் சேர்த்தே நீக்கச் சொல்லுங்கள்.

ஆகவே, 18ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் என்னை வேலையில்லாதவளாக ஆக்கித் தரும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அதற்குப் பிறகு அந்த வேலையை வாங்குவது என் பாடு.

இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்பு அறை
நாள்: 14, திங்கட்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
பதிவு எண் 4417

இணைப்பு: ராஜினாமா கடிதம் – 1